சோர்வு வந்த நாட்களில் அர்ச். சவேரியார்

அர்ச். பிரான்சிஸ் சவேரியாரை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். சவரிமுத்து, சவரியம்மாள் என்று நம் வீடுகளில் வழங்கும் பெயர்கள் எல்லாம் அவருடைய பெயரே. பாடுபட்ட சுரூபத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து நிற்கும் அவருடைய உருவத்தைப் பார்க்கிறவர்கள், இந்த மனிதருக்குச் சோர்வு என்பதே தெரியாது என்று நினைத்துவிடுவார்கள். உண்மை அதுவன்று. நம் தமிழ் மண்ணில் அவர் நடந்து திரிந்த காலத்திலேயே, உயிரோடிருப்பதே பாரம் என்று எண்ணும் அளவுக்கு அவர் மனம் தாழ்ந்துபோனதுண்டு. இதை அவரே எழுதிய கடிதங்களினின்று அறிகிறோம். அந்தத் தாழ்விலிருந்து அவர் எவ்வாறு எழுந்தார் என்பதை இவ்வாரம் பார்ப்போம். வீட்டில் ஒருவர் மனம் ஒடிந்து மூலையில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று திகைக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சரித்திரத்தில் நல்ல படிப்பினை உண்டு.

சவேரியார் 1506-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி நவார் நாட்டில், சவேரியார் கோட்டை என்னும் தம் குடும்பத்து மாளிகையில் பிறந்தார். 1525-ல் படிப்புக்காகப் பாரீஸ் நகரம் சென்றார். அங்கே 1529-ல் அவர் தங்கியிருந்த அறைக்கு, தம்மைவிட மூத்தவரான ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் சேசு சபையை ஸ்தாபித்த அர்ச். இஞ்ஞாசியார். நெடுநாள் விலகி நின்ற சவேரியார் முடிவில் அவருக்கு உற்ற நண்பரானார். 1534-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, மோக்ஷாரோபணத் திருநாளன்று, இன்னும் சில தோழர்களோடு இருவரும் மோன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அதன்பின் சவேரியார் இஞ்ஞாசியாரின் ஞானத் தியானங்களைச் செய்து முடித்தார்.

இந்தத் தியானங்களில் மனச் சோர்வைப் பற்றிய ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. அது இஞ்ஞாசியார் புத்தகத்தில் படித்துக் கற்றதன்று. படுக்கையில் கிடந்து கற்றது. 1521-ல் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. லொயோலாவில் பல மாதம் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, அவர் மனம் சில வேளை அரச சபையின் ஆடம்பரங்களை எண்ணும். சில வேளை அர்ச்சியசிஷ்டவர்களின் வாழ்க்கையை எண்ணும். எண்ணும்போது இரண்டுமே இனித்தன. ஆனால் முதலாவது எண்ணம் போனபின் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது போனபின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இதைக் கண்ட அவர், மனம் வாடும்போது அந்த வாட்டத்தை மட்டும் பாராமல், அது எங்கே தொடங்கிற்று, எதன் வழியாய் வந்தது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பின்னோக்கிப் பார்க்கப் பழகினார். சோர்ந்த நேரத்தில் முன் செய்த நல்ல தீர்மானத்தை மாற்றலாகாது என்பதும், சோர்வு நிலையானதன்று, ஆறுதல் மறுபடி வரும் என்று நினைத்துப் பொறுத்திருக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதிகள். 1548-ல் அச்சான அவருடைய நூலில் இவை இடம் பெற்றிருக்கின்றன. இந்த விதிகளை மனதில் வைத்துக்கொண்டால் சவேரியாரின் சரித்திரம் நன்றாய் விளங்கும்.

1537-ல் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்ற சவேரியார், 1541-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி, தமக்கு 35 வயது நிறைந்த அன்று, லிஸ்பனில் கப்பல் ஏறினார். மொசாம்பிக்கில் பல மாதம் தங்க நேர்ந்தது. 1542-ம் வருஷம் மே 6-ந் தேதி கோவா வந்து சேர்ந்தார். அவ்வருஷமே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே சில வருஷங்களுக்கு முன் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் போதிப்பார் இல்லை. சவேரியார் உள்ளூரார் உதவியோடு மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகும். விசுவாச மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் கம்மிப்போகும். ஆனாலும் அந்த முதல் வருஷத்துக் களைப்பில் சந்தோஷமே மிகுந்திருந்தது.

1544-ம் வருஷம் அப்படியிருக்கவில்லை. பிப்ரவரியில் கோவாவிலிருந்து திரும்பியபோது மன்சீலியாஸ் என்னும் துணைவரை உடன் அழைத்து வந்தார். இருவரும் கரையோர ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சவேரியார் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, ஆலந்தலை என்று ஊர் ஊராய் நடந்துகொண்டே மன்சீலியாசுக்குக் கடிதம் எழுதிவந்தார். சுருக்கமான கடிதங்கள், அவசரமாய் எழுதியவை. அவருடைய மனத்தின் ஏற்றத் தாழ்வை நாள் நாளாய்க் காட்டுபவை அவையே.

அவரை வாட்டியது கடலோ வெயிலோ அன்று. தம்மோடு ஒரே வேதத்தைச் சேர்ந்த போர்த்துக்கேசியர் சிலர் செய்த அக்கிரமங்களே அவர் நெஞ்சைப் பிளந்தன. அவர்கள் ஏழைகளைப் பிடித்துச் சென்றார்கள், வியாபாரத்தில் வஞ்சித்தார்கள். உள்நாட்டு அரசருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே பகையை மூட்டினார்கள். ஒரு பக்கம் தாம் கட்டுவதை மறு பக்கம் இவர்கள் இடிப்பதைக் கண்டு அவர் மனம் கசந்தார். இந்தக் கரையை விட்டே போய்விடலாமா, தொலைவிலுள்ள அபிசீனியா நாட்டுக்குச் சென்று ஊழியம் செய்யலாமா என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அதைக் கடிதத்திலும் எழுதினார். வேறொரு கடிதத்தில், வாழ்வதே சலித்துப்போயிற்று என்ற பொருளில் எழுதினார்.

இந்த இடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். சலித்துப்போயிற்று என்று எழுதியவர், எதனால் சலித்தது என்பதையும் உடனே சொல்கிறார். தம் கண் முன்னே நடந்த அநியாயங்களையும், அவற்றைத் தடுக்க முடியாமற்போனதையும் காரணமாய்க் காட்டுகிறார். நான் ஒன்றுக்கும் உதவாதவன், என் ஊழியம் முழுவதும் வீண், இந்த ஜனங்கள் என்றும் திருந்தார் என்று பொதுப்படையாய் அவர் எழுதவில்லை. நோவு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் விரலை வைத்தார். காலில் முள் தைத்தவன் உடம்பெல்லாம் நோகிறது என்று கதறினால் யார் என்ன செய்ய முடியும்? இந்தக் காலில், இந்த இடத்தில் என்று காட்டினால் முள்ளை எடுக்கலாம்.

இன்னொரு கடிதத்திலும் இதே வழக்கத்தைக் காண்கிறோம். அவருக்குத் தமிழ் நன்றாய் வராது. மொழிபெயர்த்துச் சொல்ல இருந்தவர் நோயுற்று வேறு ஊரில் தங்கிவிட்டார். ஜனங்கள் பேசுவது இவருக்குப் புரியவில்லை. இவர் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. என் நிலையை நினைத்துப் பாரும் என்ற பாவனையில் முதலில் முறையிடுகிறார். ஆனால் முறையீட்டோடு நிற்கவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை; ஏழைகள் தங்கள் குறையைத் தாங்களே உணர்த்திவிடுகிறார்கள், பார்த்த மாத்திரத்தில் தமக்கும் விளங்கிவிடுகிறது என்று அடுத்தபடி எழுதுகிறார். எது முடியாது என்பதையும் எது முடியும் என்பதையும் பிரித்து வைத்தார். அன்றைக்கு முடிந்தது எதுவோ அதைச் செய்தார்.

அவ்வருஷம் ஜூன் மாதம் பெரிய இடி விழுந்தது. வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களின்மேல் பாய்ந்தது. கிறிஸ்தவர்கள் உயிர் தப்பக் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒண்டிக்கொண்டார்கள். அங்கே பசியாலும் தாகத்தாலும் பலர் மடிந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து உணவுப் பொருள் ஏற்றிய 20 தோணிகளோடு புறப்பட்டார். எதிர்காற்று ஓயவில்லை. எட்டு நாள் கடலில் அலைந்தும் குமரி முனையைச் சேர முடியாமல் திரும்பினார். ஊரூராய்ப் பட்டங்கட்டிமார் தர்மம் சேர்க்க வேண்டும், மனமுவந்து கொடுப்பதையே வாங்க வேண்டும், ஏழையை வற்புறுத்தலாகாது என்று மன்சீலியாசுக்கு எழுதினார். பிறகு கடல்வழி விடாததால் கரைவழியே நடந்தே சென்று அந்த மக்களைக் கண்டார். உண்ண உணவில்லாதவர்களையும், நடக்க மாட்டாத முதியவர்களையும், பிள்ளை பெற்றுக் கிடந்த தாய்மாரையும் கண்டு உருகினார்.

எட்டு நாள் கடலில் அலைந்து வெறுங்கையாய்த் திரும்பியவருக்கு மனம் உடைய எல்லா நியாயமும் இருந்தது. ஆயினும் காற்று எதிர்த்தது என்பதைக் காற்றின் குற்றமாகவே கொண்டாரேயன்றி, தெய்வம் தம்மைக் கைவிட்டதற்கு அடையாளமாகக் கொள்ளவில்லை. வேறு வழி பார்த்தார். வழி இருந்தது.

செப்டம்பரில் வந்தது இன்னும் கடினமான சோதனை. தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கேசியத் தளபதியே சவேரியாருக்கு மிகுந்த மனவேதனை கொடுத்தவர். குடிகளின் நலத்தைவிடத் தம் குதிரை வியாபாரத்தைப் பெரிதாக எண்ணியவர். சவேரியாரைப் பற்றி இழிவாகவும் எழுதியவர். அந்தத் தளபதியின் மேல் உள்நாட்டுப் படை பாய்ந்தது. அவருடைய வீடும் கப்பலும் எரிந்தன. அவர் தீவுகளுக்குத் தப்பி ஓடினார். ஆலந்தலையில் இருந்த சவேரியாருக்குச் செய்தி எட்டியது. அவர் உடனே மன்சீலியாசுக்கு எழுதினார்: தோணிகளில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு விரைந்து போகச் சொன்னார். தம்மைக் கண்டால் தளபதிக்குப் பிடிக்காது என்பதனால்தான் தாம் நேரில் போகவில்லை என்றும் தெரிவித்தார்.

தம் சோர்வுக்குக் காரணமான மனிதருக்கே தண்ணீர் அனுப்பியது இரக்கத்தின் செயல் என்பதில் ஐயமில்லை. அதில் தெளிவும் இருக்கிறது. அநியாயம் செய்த தளபதி ஒருவர். தீவில் தாகத்தால் தவிக்கும் மனிதர் ஒருவர். இருவரும் ஒருவரே ஆயினும் அன்றைய நிலைமை வேறு என்று அவர் கண்டார். கசப்பு மனதை நிறைத்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிராது.

அபிசீனியாவுக்குப் போகும் எண்ணம் என்னவாயிற்று? போகவில்லை. சோர்ந்த நேரத்தில் தோன்றிய எண்ணத்தைச் சோர்ந்த நேரத்திலேயே நிறைவேற்றவில்லை. மனம் தாழ்ந்த அதே வருஷத்தின் கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மீனவ மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கோடையிலே ஓடிப்போயிருந்தால் இந்த மாரியை அவர் கண்டிருக்கமாட்டார்.

ஆனால் துன்பமும் அத்தோடு முடிந்துவிடவில்லை. மன்னாரில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்து அரசன் கொல்லுவித்தான். அவர்களுக்கு நீதி தேடிச் சவேரியார் கோவா வரையில் அலைந்தார். 1545-ல் நாகப்பட்டினத்தில் கப்பற்படை கூடும் என்று காத்திருந்தார். இதற்குள் போர்த்துக்கேசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் சரக்கு அரசன் கையில் சிக்கியது. சரக்கைத் திரும்பப் பெறுவதே அதிகாரிகளுக்கு முக்கியமாயிற்று. மன்னார் மக்களின் இரத்தம் மறக்கப்பட்டது. குமரி முனைக்குத் திரும்பவும் காற்று இடங்கொடுக்கவில்லை. அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் நின்றார்.

அப்போது அவர் செய்த காரியம் நம் சிந்தனைக்குரியது. அவர் இடத்தை மாற்றினார். அர்ச். தோமையாரின் கல்லறை இருக்கும் மயிலாப்பூருக்குப் போனார். அங்கே பங்குக் குருவானவரின் வீட்டில் சுமார் நான்கு மாதம் தங்கினார். பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், இரவில் கோயிலில் நெடுநேரம் ஜெபித்தார். கூடி உண்ணவும் பேசவும் ஒரு நண்பர் இருந்தார். தூக்கமும் உணவும் ஒழுங்காயின. இதுவரை வந்த வழியையும் இனிப் போக வேண்டிய வழியையும் அமைதியாய் நிறுத்துப் பார்த்தார். கிழக்கே மக்காசார் தீவுப் பக்கம் வேதத்தைக் கேட்க மக்கள் காத்திருக்கிறார்கள் என்ற செய்தி அவர் மனதில் வேலை செய்தது. மே மாதம் மயிலாப்பூரிலிருந்து எழுதிய கடிதத்தில், தமக்கு உள்ளத்தில் மிகுந்த ஆறுதல் கிடைத்ததென்றும், கிழக்கே போவதே சர்வேசுரனுடைய சித்தம் என்று உணர்ந்ததாகவும் தெரிவித்தார். அவ்வருஷமே கப்பலேறி மலாக்கா சேர்ந்தார். பின்னர் மொலுக்கஸ் தீவுகளுக்கும் ஜப்பானுக்கும் சென்றார். 1552-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி சீன தேசத்தின் வாசலில், சான்சியான் தீவில் உயிர் துறந்தார். 1622-ல் திருச்சபை அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தது.

1544-ல் இந்தக் கரையை விட்டுப் போக நினைத்தார், போகவில்லை. 1545-ல் போக நினைத்தார், போனார். இரண்டும் ஒன்றே போல் தோன்றலாம். முதலாவது எண்ணம் கசப்பிலே பிறந்தது. எங்கே போவது என்பதைவிட எதைவிட்டு ஓடுவது என்பதே அதில் பெரிது. இரண்டாவது எண்ணம் நான்கு மாத ஓய்விலும் ஜெபத்திலும் முதிர்ந்தது. இஞ்ஞாசியாரிடம் கற்ற பாடத்தை அவருடைய மாணாக்கர் மறக்கவில்லை.

நம் குளத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் வீடுகளில் முகங்களும் வறண்டுபோகின்றன. பிழைப்புக்கு வெளியூர் போன மகனிடமிருந்து பணம் வராத மாதம், பரீட்சையில் மகள் தவறிய வாரம், வட்டிக்காரர் வாசலில் நின்ற நாள், இவையெல்லாம் நமக்குப் புதியவை அல்ல. அப்படிப்பட்ட நாளில் மனம் என்ன சொல்கிறது? எனக்கு என்றைக்கும் இப்படித்தான், எங்கள் குடும்பத்துக்கே ராசியில்லை என்கிறது. ஒரு நாளின் துன்பத்தை ஆயுள் முழுவதற்கும் பரப்பிவிடுகிறது. நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று பொதுவாய்க் கேட்டுக்கொண்டே இருந்தால் சோர்வு நீடிக்கிறதென்றும், என்ன நடந்தது, எப்போது நடந்தது, அதற்கு முன் என்ன, அடுத்து என்ன செய்யலாம் என்று குறிப்பாய்ப் பார்த்தால் மனம் விரைவில் தேறுகிறதென்றும் இக்காலத்து மனநூலாரும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் ஒருவர் வாடியிருந்தால், தைரியமாயிரு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். எப்போதிருந்து இப்படி இருக்கிறது, அன்று என்ன செய்தி வந்தது, யார் என்ன சொன்னார்கள், இரவு தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று மெதுவாய்க் கேளுங்கள். சொல்லச் சொல்ல, மலையாய்த் தெரிந்தது ஒரு காரணமாகவும் ஒரு நாளாகவும் சுருங்கும். அதன்பின் இன்றைக்குச் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். நிலத்தை விற்பது, படிப்பை நிறுத்துவது, உறவை முறிப்பது போன்ற பெருந்தீர்மானங்களை மனம் தெளியும் வரை தள்ளிவையுங்கள்.

சோர்வுற்றவரைப் பாவி என்றோ விசுவாசம் குறைந்தவர் என்றோ பழிப்பது பெருந்தவறு. சவேரியாருக்கே வந்தது நமக்கு வராதா? சோர்வு வாரக்கணக்காய் நீடித்தால், ஊண் உறக்கம் கெட்டால், சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது வீட்டுப் பேச்சால் மட்டும் தீரும் காரியமன்று. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவதுபோல இதற்கும் தாமதியாமல் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் எந்நேரமும் இலவசமாய்த் தமிழிலேயே பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வருகிற டிசம்பர் 3-ந் தேதி சவேரியார் சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றும்போது, அவர் செய்த புதுமைகளோடு, மணப்பாட்டுக் கரையில் மனம் சலித்து நின்ற அந்த மனிதரையும் நினைத்துக்கொள்வோம். நம் தெருவில் இன்று அப்படி நிற்பவர் யார் என்று பார்த்து, அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வருவோம்.